எண்ணெல்லாம் ஒன்றாம், விலை ஒன்றரை மடங்காம்: 1939 துலா மோசின்

அரக்குப்பெட்டி, 4 மார்ச் 2023

ஒரு மோசின் நகான் 91/30, பழைய சோவியத் ராணுவ ரைஃபிள், பார்த்து வெச்சிருக்கேன். துலா தொழிற்சாலையில 1939ல செஞ்சது. குழல், போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டுற உருளை), மகசின் அடித்தட்டு, கட்டையோட பின்தட்டு, நாலுலயும் ஒரே எண். விக்கிறவர் "ஃபாக்டரிலேர்ந்து வந்தபடியே இருக்கு, யாரும் கை வைக்கல"ங்கிறார். சாதாரண 91/30 விலையைப்போல ஒன்றரை மடங்கு கேக்கிறார். மரக்கட்டை செக்கச்செவேல்னு பளபளக்குது. எண் ஒத்துப்போனா ஒரிஜினல்தானே?

மூன்றுகோடு, 4 மார்ச் 2023

இல்லை. ஜெர்மன் மவுசருக்குப் பொருந்தும் கணக்கு இங்கே செல்லாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஆயுதக் கிடங்குகளில் இந்த ரைஃபிள்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள். குழல் ஒரு குவியல், போல்ட் ஒரு குவியல், கட்டை ஒரு குவியல். தேறியதைச் சேர்த்துப் பூட்டி, குழலில் இருந்த எண்ணையே மற்ற பாகங்களிலும் போட்டு, அரக்குப் பூசி, கிரீஸில் முக்கிப் பெட்டியில் அடைத்தார்கள். 1990களுக்குப் பின் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்த 91/30களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். ஆகவே நாலு எண்ணும் ஒத்திருப்பது விசேஷமல்ல, சர்வசாதாரணம். ஒத்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். எப்போது ஒத்துப்போக வைத்தார்கள் என்று கேளுங்கள்.

படம் போடுங்கள். நாலு எண்ணையும் கிட்டத்தில் எடுத்து.

மூன்றுகோடு, 5 மார்ச் 2023

படம் வருமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் எழுத்தின் அச்சு. குழலில் இருக்கும் எண்ணுக்கு முன்னால் இரண்டு ரஷ்ய எழுத்து இருக்கும். தொழிற்சாலையில் குழலுக்கும் போல்ட்டுக்கும் அடித்த அச்சு ஒரே சாயலில் இருக்கும்: உயரம், தடிமன், 3இன் வளைவு, 4இன் வாய். கிடங்கில் அடித்த அச்சு வேறு. பல போல்ட்டுகளில் அச்சே கிடையாது, மின்பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். அதைக் கண்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, பழைய எண்ணைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியது அடித்திருக்கும். இது நேர்மையான கிடங்கு. வேறு சிலர் பழைய எண்ணை அரைத்தே எடுத்துவிடுவார்கள். அடித்தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகப் பள்ளம் தட்டும். விரல் நகத்தை ஓட்டினாலும் தெரியும்.

மூன்றாவது, சதுரத்துக்குள் ஒரு சாய்கோடு போட்ட முத்திரை. குழலின் அடிப்பகுதியிலோ கட்டையின் பின்பக்கத்திலோ இருக்கும். கிடங்கில் புதுப்பித்ததற்கு அதுவே ரசீது. அது இல்லாவிட்டால் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

நான்காவது, நீங்கள் சொன்ன செக்கச்செவேல். கனமாக, வழிந்து, சில்லுச் சில்லாகப் பெயரும் அரக்கு என்றால் கிடங்குப் பூச்சு. பூச்சு எண்களுக்குள்ளும் முத்திரைக்குள்ளும் தேங்கி நிற்கிறதா பாருங்கள்.

கறுப்புக்கிரீஸ், 5 மார்ச் 2023

கட்டையில் வார் நுழையும் துளையையும் பார்க்கச் சொல்லுங்கள். போருக்கு முந்தையதில் துளையைச் சுற்றி உள்ள உலோக வளையம் திருகாணியால் பொருத்தியது. போர்க்காலத்தில் அழுத்திச் செருகியது. 1939 குழலில் அழுத்திச் செருகிய வளையம் இருந்தால் கட்டை மாறியிருக்கிறது.

மூன்றுகோடு, 5 மார்ச் 2023

ஆமாம், நல்ல குறிப்பு. அதோடு, அடுக்குப் பலகைக் கட்டை இருந்தால் பேச்சே இல்லை. அது போருக்குப் பிறகு புதுப்பிக்கும்போது மாட்டியது. "1942 ஸ்டாலின்கிராட், அரிய அடுக்குப் பலகை" என்று விளம்பரம் போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அரக்குப்பெட்டி, 7 மார்ச் 2023

படம் வந்துது. போல்ட்ல அச்சுதான், மின்பேனா இல்லை. ஆனா 7ஓட கால் குழல்ல நேரா இருக்கு, போல்ட்ல வளைஞ்சிருக்கு. அடித்தட்டுல எண்ணுக்குக் கீழ ஏதோ நிழல் மாதிரி. சதுர முத்திரை இல்லை. வார் துளையில திருகாணி இருக்கு.

மூன்றுகோடு, 7 மார்ச் 2023

7இன் கால் வளைந்திருந்தால் போல்ட் பின்னால் வந்தது. நிழல் என்றால் அரைத்த எண். கட்டை போருக்கு முந்தையது, ஆனால் இதே குழலோடு பிறந்ததா என்று சொல்ல வழியில்லை. கிடங்கில் கட்டை ஒதுக்கும்போது யாரும் தேதி பார்க்கவில்லை. ஆக, புதுப்பித்த 1939 துலா. நல்ல பொருள்தான். ஒன்றரை மடங்குக்கு நியாயமில்லை.

துலா என்றதும் விலை ஏறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1939 துலா அரிதல்ல. அரிதானது 1942 துலா. 1941 அக்டோபரில் ஜெர்மானியர் நெருங்கியதும் தொழிற்சாலையின் இயந்திரங்களை யூரல் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த ஆண்டு 91/30 உற்பத்தி அங்கே மிகவும் குறைந்தது. பாரம் முழுக்க இன்னொரு தொழிற்சாலையான இசெவ்ஸ்க் தலையில் விழுந்தது. அதனால்தான் 1942, 1943 தேதியிட்ட இசெவ்ஸ்க் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. முத்திரை நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் துலா, முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இசெவ்ஸ்க்.

வடதுருவம், 8 மார்ச் 2023

தம்பி, அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃபின்லாந்து எம்39 வாங்கு. ரஷ்யர்கள் செய்ததைச் சரிசெய்தவர்கள் அவர்கள்.

மூன்றுகோடு, 8 மார்ச் 2023

அண்ணே, இழை திசைமாறும், இருந்தாலும் வம்புக்கு இழுத்துவிட்டீர்கள். எம்39 சுடுவதற்கு மேல், ஒப்புக்கொள்கிறேன். தடித்த குழல், மீட்டர் அளவில் சைட் (குறிபார்க்கும் அமைப்பு), முன் சைட்டைத் திருகாணியால் பக்கவாட்டில் நகர்த்தலாம், கட்டையில் கைப்பிடி வளைவு. ஆனால் ஃபின்லாந்து ஒரு ரிசீவர்கூட, அதாவது குழல் பொருந்தி போல்ட் ஓடும் உடற்பகுதிகூட, செய்ததில்லை. எல்லாம் ரஷ்யப் பேரரசு விட்டுச்சென்றதும், போரில் பிடித்ததும், வெளியே வாங்கியதும். எம்39இன் குழலைச் செய்தது ஃபின்லாந்துத் தொழிற்சாலைகளான சாக்கோவோ விகேடியோவோ, ரிசீவர் ரஷ்யாவினுடையதுதான்.

இதில் ஒரு சட்ட விசித்திரம். ரிசீவரின் வால்பகுதி, அதாவது டாங், கட்டைக்குள் மறைந்திருக்கும். அதன் அடியில் ரிசீவர் செய்த ஆண்டு இருக்கும். எண்கோண ரிசீவர் பலவற்றில் 1890களின் ஆண்டு வருவது சகஜம். அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898 வரை செய்த ரிசீவர் பழம்பொருள் கணக்கில் வரும், ஆகவே 1942 குழல் மாட்டிய எம்39கூட அந்தக் கணக்கில் சேரலாம். அதனால் டாங் படம் இல்லாமல் எண்கோணம் வாங்காதீர்கள், இரண்டு விதத்தில் விலை மாறும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பாருங்கள்.

வடதுருவம், 9 மார்ச் 2023

சதுரத்துக்குள் எஸ்ஏ முத்திரை இருந்தால் ஃபின்லாந்து என்று விற்கிறார்களே, அதையும் உடைத்துவிடு.

மூன்றுகோடு, 9 மார்ச் 2023

எஸ்ஏ என்பது ஃபின்லாந்து ராணுவத்தின் சொத்து என்ற முத்திரை, 1942 முதல் அடித்தது. போரில் பிடித்த சோவியத் 91/30இல் அதை அடித்து அப்படியே வைத்திருப்பார்கள், ஒரு திருகாணி மாற்றியிருக்க மாட்டார்கள். அது ஃபின்லாந்து ரைஃபிள் அல்ல, ஃபின்லாந்தில் இருந்த ரைஃபிள். ஆனால் சேகரிப்பில் இதுவும் விரும்பத்தக்கது. சோவியத் கிடங்குப் புதுப்பிப்பிலிருந்து தப்பியது அல்லவா? 1941இல் பிடிபட்ட துலா, அரக்குப் பூச்சு இல்லாமல், எண் மாறாமல் இருக்கும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். தம்பி கேட்ட "கைபடாத 1939"க்கு ஒன்றரை மடங்கு கொடுக்கலாம் என்றால் இப்படி எஸ்ஏ முத்திரை உள்ளதற்குக் கொடுக்கலாம்.

ஃபின்லாந்துக் குழல் வாங்குகிறவர்கள் தோட்டாவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஃபின்லாந்தின் இன்னொரு மோசின் வகையான எம்28-30இன் குழல் ரஷ்யக் குழலைவிட இறுக்கம். எம்39இன் குழல், டி166 என்ற கனத்த குண்டுக்கு ஏற்றபடி சற்று அகலம். குழலில் டி எழுத்து இருந்தால் அந்தக் குண்டுக்குச் சரிப்படுத்தியது என்று பொருள். ரஷ்யக் குழல்களோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஈயக் குண்டை அடித்து இறக்கி அளந்த பிறகுதான் தோட்டா கட்ட வேண்டும்.

அரக்குப்பெட்டி, 11 மார்ச் 2023

விலையைக் குறைச்சுட்டார், அனேகமா வாங்கிடுவேன். நேர்ல போறேன். என்னெல்லாம் சோதிக்கணும்?

மூன்றுகோடு, 11 மார்ச் 2023

போல்ட்டைத் திறந்து, சேம்பரும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) மகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு:

குழல் வாய். மருந்தில்லாத டம்மி தோட்டாவின் குண்டு முனையை வாயில் செருகுங்கள். நல்ல குழலில் குண்டின் கணிசமான பகுதி வெளியே தெரியும். பித்தளைக் கழுத்து வரை உள்ளே போய்விட்டால் இரண்டில் ஒன்று: வாய் தேய்ந்திருக்கிறது, அல்லது கிடங்கில் வாயைக் குடைந்திருக்கிறார்கள். இரும்புத் துடைப்புக் கம்பியை வாய் வழியாகவே விட்டு விட்டு இழுத்ததால் புரி (குழலுக்குள் இருக்கும் சுழல் வரி) அங்கேதான் முதலில் தேயும். தேய்ந்த பகுதியைக் கிடங்கில் புரியில்லாமல் குடைந்து, நல்ல புரி தொடங்கும் இடத்தைப் புதிய வாயாக்கினார்கள். டார்ச் அடித்தால் முதல் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வரியில்லாத வளையம் தெரியும். நேர்மட்டமாகக் குடைந்திருந்தால் குறிக்குப் பாதிப்பில்லை. கோணலாகக் குடைந்தது குறி தவறும். விலையில் ரெண்டுக்குமே குறைத்துக் கேளுங்கள்.

போல்ட் தலை. எல்லோரும் விடுவது இது. எண் இருப்பது போல்ட் உடலில். பூட்டும் கொண்டிகள் இருப்பது தலையில், அது தனித் துண்டு, எண் கிடையாது. 7.62×54 ஆர் விளிம்புள்ள தோட்டா, விளிம்பைத் தாங்கி நிற்கும் இடைவெளி முழுக்கத் தலையைப் பொறுத்தது. யாராவது தலையை மாற்றியிருந்தால் எண் ஒத்தும் ரைஃபிள் ஆபத்தாகிவிடும். அந்த இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டுப் பார்க்காமல் முதல் குண்டு சுடாதீர்கள். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேஜ் இருக்கும்.

ஃபயரிங் பின். ரைஃபிளோடு வரும் தட்டைக் கருவியில் 75, 95 என்று இரண்டு வெட்டு இருக்கும். தூக்கி எறியாதீர்கள். போல்ட்டை வெளியே எடுத்து, பின் முன்னே நீட்டியிருக்கும்போது 75 வெட்டில் முனை தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டாமல் போக வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக 75 முதல் 95, அதாவது சுமார் 1.9 முதல் 2.4 மில்லிமீட்டர். குறைந்தால் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் சிறு மூடி) வெடிக்காது. கூடினால் பிரைமர் கிழிந்து வாயு பின்னால் வரும், கண்ணாடி போடுவது அதற்குத்தான். பின்னைத் திருகி அளவு சரிசெய்துவிட்டு அதன் பின்முனைக் காடியை வால் குமிழின் கோட்டோடு நேர்படுத்திவிட வேண்டும். பலர் பூட்டும்போது இதை மறந்து ஒரு சுற்று தள்ளி நிறுத்துகிறார்கள்.

இன்டரப்டர். ஐந்து டம்மியை மகசினில் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு ஒன்றாக எழும்பினால் இடப்பக்கத் தகடு வளைந்திருக்கிறது. விளிம்புத் தோட்டா ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாமல் அடுத்ததைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. மோசினின் மூளை வேலை செய்த இடம் அது.

கறுப்புக்கிரீஸ், 12 மார்ச் 2023

போல்ட் கல்லாக இருந்தால் அடித்துத் திறக்காதீர்கள் என்றும் எழுதுங்கள். மரச்சுத்தியலோடு வருகிறவர்களை ரேஞ்சில் பார்க்கலாம்.

மூன்றுகோடு, 12 மார்ச் 2023

காலி சேம்பரில் திறக்கக் கடினம் என்றால் அது வேறு. மோசின் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங்கை அழுத்துகிறது, கைப்பிடியோ குட்டை, அதனால் புதிதாக வாங்கியவருக்கு எப்போதும் இறுக்கமாகத்தான் தோன்றும். சுட்ட பிறகு மட்டும் ஒட்டிக்கொள்கிறது, ஆறியதும் வருகிறது என்றால் சேம்பரில் உறைந்த கிரீஸ். தோட்டாவின் அரக்குப் பூசிய இரும்புக் கூடுதான் காரணம் என்று எல்லோரும் அதன்மேல் பழி போடுவார்கள். பத்துக்கு எட்டு முறை பல பத்தாண்டுப் பழைய கிரீஸ்தான் குற்றவாளி. சூட்டில் இளகி, ஆறும்போது கூட்டைப் பிடித்துக்கொள்கிறது.

போல்ட்டைக் கழற்றிவிட்டு 20 போர் ஷாட்கன் பிரஷ்ஷை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, துளைக்கருவியின் மெதுவான வேகத்தில் சேம்பரில் மட்டும் சுற்றுங்கள். துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை. மணல்தாள் வேண்டாம், சேம்பரைத் தேய்த்து அகலமாக்கிவிடும்.

வடதுருவம், 14 மார்ச் 2023

1891 ரைஃபிள் ஒன்றில் 32 என்று சைட்டில் போட்டிருக்கிறது. 3,200 மீட்டரா? ஜார் காலத்தில் கண் நல்லாயிருந்திருக்கும்!

மூன்றுகோடு, 14 மார்ச் 2023

அர்ஷின், அண்ணே. ஒரு அர்ஷின் 71.12 சென்டிமீட்டர். 3,200 அர்ஷின் சுமார் 2,276 மீட்டர். அது குறிவைத்து ஒருவரைச் சுடும் தூரமல்ல, பிளாட்டூன் முழுக்கச் சேர்ந்து ஒரு பகுதியை நோக்கிச் சுடும் தூரம். பழைய சைட் 1891இன் மொட்டை மூக்கு கனக் குண்டுக்கானது. 1908இல் கூர்முனையான, 9.6 கிராம் எடையுள்ள குண்டு வந்தபின் கொனோவலோவ் வடிவமைத்த வளைந்த சைட்டை மாட்டினார்கள். 91/30இல் மீட்டருக்கு மாறி 2,000 வரை போட்டார்கள். எண்ணைப் பார்த்தே வகையைச் சொல்லலாம்: 20இல் முடிந்தால் 91/30, 10இல் முடிந்தால் எம்38, எம்44 கார்பைன், அதாவது குட்டைக் குழல் மோசின்.

இன்னொன்றும் இருக்கிறது: 10இல் முடிகிறது, ஆனால் அதற்கு மேல் அரைத்த தடம் தெரிகிறது என்றால் 91/59. 91/30ஐ வெட்டிக் கார்பைன் ஆக்கியது. சைட் தகட்டில் மேல் எண்களை அரைத்து எடுத்திருப்பார்கள். குழலில் 1891/59 என்று அடித்திருக்கும். யார் வெட்டினார்கள் என்று சேகரிப்பாளர்கள் சண்டை போடும் விஷயம், இங்கே இறங்க வேண்டாம்.

கறுப்புக்கிரீஸ், 15 மார்ச் 2023

எம்38 என்று எம்44 கட்டையில் விற்பார்கள். வலப்பக்கம் எம்44இன் மடக்கு பயனட் (துப்பாக்கி முனை ஈட்டி) படுக்கும் பள்ளம் இருந்தால் போலி.

மூன்றுகோடு, 15 மார்ச் 2023

இங்கே மட்டும் உங்களோடு உடன்பாடில்லை. 1944, 1945 தேதியிட்ட எம்38களில் எம்44 கட்டை தொழிற்சாலையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது, அந்த நேரத்தில் எது கைக்கு வந்ததோ அது. பள்ளம் இருப்பதே குற்றமில்லை. 1940 எம்38இல் அந்தக் கட்டை இருந்தால் கிடங்கு வேலை. தேதியைச் சேர்த்துப் படியுங்கள். அதேபோல் 1943 எம்44 என்றால் இசெவ்ஸ்க்கின் ஆரம்பத் தொகுதி, நிஜமாகவே அரிது, முத்திரையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 4ஐ 3ஆக்கும் உளிக்குச் செலவு குறைவு.

அரக்குப்பெட்டி, 20 மார்ச் 2023

வாங்கிட்டேன். குழல் வாயில் குண்டு பாதிக்கு மேல வெளிய நிக்குது. கேஜ் போட்டாச்சு, சரி. பழைய சோவியத் தோட்டா ஒரு தகர டப்பாவும் கூட வந்துது, 440. சுட்ட பிறகு ஏதோ பிரத்தியேக எண்ணெய் வேணும்னாங்க?

மூன்றுகோடு, 20 மார்ச் 2023

எண்ணெய் அல்ல, தண்ணீர். பழைய சோவியத் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு, உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, ஈரத்தை இழுத்து வைத்துக் குழலை அரிக்கும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பரிந்துரைப்பார்கள், அதில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான். போல்ட்டைக் கழற்றி, சேம்பர் வழியே புனல் வைத்துக் கொதிநீர் ஒரு லிட்டர் ஊற்றுங்கள், வாய் கீழே, கட்டையில் வழியாமல். சூடாக இருக்கும்போதே உலரும். உடனே எண்ணெய்த் துணி. போல்ட் முகம், ஃபயரிங் பின் முனை, எம்44ஆக இருந்தால் பயனட் பொருத்தியும் மறக்காதீர்கள். அன்றைக்கே செய்ய வேண்டும், ஈரப்பதமான ஊரில் மறுநாள் காலையில் செம்பழுப்பு படிந்திருக்கும்.

டப்பாவைப் பத்திரமாக வையுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாவுக்கு அமெரிக்கா புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை. வெள்ளி நிற நுனி என்றால் உள்ளே இரும்பு உள்ளது, காந்தம் ஒட்டும், பல ரேஞ்சுகளில் உள்ளே விட மாட்டார்கள். மஞ்சள் நுனி கனக் குண்டு. கருப்பும் சிவப்பும் சேர்ந்த நுனியைக் கண்டால் சுடவே வேண்டாம், தீமூட்டும் வகை.

அரக்குப்பெட்டி, 26 மார்ச் 2023

100 மீட்டர்ல குறிக்கு ஒரு சாண் பக்கவாட்டில போகுது. சைட் நேராத்தான் இருக்கு.

மூன்றுகோடு, 26 மார்ச் 2023

பயனட் மாட்டினீர்களா? 91/30ஐச் சோவியத் ராணுவம் பயனட் மாட்டியே குறிபார்த்துச் சரிசெய்தது. அந்த இரும்பு முனையில் இல்லாவிட்டால் குழலின் அதிர்வு மாறும், குண்டு பக்கவாட்டில் விலகும். மாட்டிச் சுட்டுப் பாருங்கள். பயனட் இல்லாமல்தான் சுடுவேன் என்றால் முன் சைட்டை அதன் காடியில் தட்டி நகர்த்துங்கள். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம். பித்தளை உளியால், துளித்துளியாக. முதலில் சைட் அடியிலும் காடியிலும் குறுக்கே இருக்கும் பழைய அடையாளக் கோட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடதுருவம், 27 மார்ச் 2023

எம்39 வாங்கியிருந்தால் ஸ்க்ரூட்ரைவர் போதும்.

அரக்குப்பெட்டி, 2 ஏப்ரல் 2023

பயனட் மாட்டிச் சுட்டேன். சாண் போய் ரெண்டு விரக்கடை ஆயிடுச்சு. இடப்பக்க ரிசீவர்ல வெல்டிங் மாதிரி ரெண்டு வட்டம் தெரியுது, சின்னதா ரெண்டு புள்ளியும். இப்பத்தான் அரக்கைத் துடைச்சப்போ கவனிச்சேன்.

மூன்றுகோடு, 2 ஏப்ரல் 2023

துடைப்பதை நிறுத்துங்கள். வட்டம் இரண்டு, புள்ளி இரண்டு என்றால் பியூ என்ற ஸ்னைப்பர் தொலைநோக்கியின் தாங்கித் துளைகளை அடைத்த தடமாக இருக்கலாம். கிடங்கில் ஸ்னைப்பர்களை மீண்டும் சாதாரண ரைஃபிள் ஆக்கும்போது அடைத்துவிடுவார்கள், வளைந்த கைப்பிடிக்குப் பதில் நேர்க் கைப்பிடி போல்ட் மாட்டுவார்கள். உங்கள் போல்ட் பின்னால் வந்ததற்கும் இது ஒத்துப்போகிறது. ஆனால் 1939 துலாவுக்குப் பியூ தாங்கி சரிவராது. பக்கத்தில் பொருத்தும் பியூ தாங்கி மோசினுக்கு வந்தது 1942இல். ஆகவே வேறு யாரோ பிற்காலத்தில் துளைத்திருக்கலாம். குழலின் அடிப்பகுதி இடப்பக்கத்தில் தொலைநோக்கி எண் இருக்கிறதா, துளைகளின் உள்பக்கம் ரிசீவரினுள் எப்படித் தெரிகிறது, இரண்டு வட்டங்களின் மையத்துக்கு மையம் எத்தனை மில்லிமீட்டர், கட்டையைக் கழற்றி டாங் தேதி என்ன: இந்த நாலு படமும் போடுங்கள்.